செபாங்கில் முதல் டிராக் டே: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பைக்கை அதன் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் போகவேண்டிய இடம் பந்தயத் தடம். அங்கே எதிரே லாரி வராது, குறுக்கே நாய் ஓடாது, வளைவின் நடுவில் ஜல்லி கொட்டிக் கிடக்காது. விழுந்தால் சறுக்கி நிற்க இடம் இருக்கிறது, தூக்கிவிட ஆள் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் காத்து நிற்கிறது. கட்டணம் செலுத்தி, நம் தரத்துக்கு ஏற்ற குழுவில் சேர்ந்து, நாள் முழுக்க இப்படி ஓட்டிப் பழகும் ஏற்பாட்டுக்குத்தான் டிராக் டே என்று பெயர். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. அதனால் பந்தய உரிமமும் பொதுவாகக் கேட்கமாட்டார்கள்.

இந்த அனுபவத்தை முதன்முறையாக வெளிநாட்டில் தேடிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக மலேசியாவின் செபாங் தடத்தை வைத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம், திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. தடம் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நாட்டில் தமிழ் பேசிக் காரியம் முடிக்கலாம், இட்லி சாப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது முதல் மோட்டோ ஜிபி எனப்படும் உலக பைக் பந்தயங்கள் நடந்துவரும் அதே தார்ப் பரப்பில் நம் டயரும் உருளும். சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் இல்லாததால் அங்குள்ள தமிழ் பைக் ஆர்வலர்களுக்கும் கைக்கெட்டும் பெரிய தடம் இதுதான்.

வெளிநாட்டு டிராக் டேயைப் பற்றி நான் சொல்ல விரும்பும் தலையாய விஷயம் இது: புதிய தடம், புதிய பைக், புதிய பாதுகாப்பு உடை மூன்றும் ஒரே நாளில் சேரக்கூடாது. வெளிநாடு என்றால் தடம் கட்டாயம் புதிது. பைக்கும் பெரும்பாலும் வாடகை பைக்தான், ஆகவே அதுவும் புதிது. மிச்சம் இருக்கும் எல்லாவற்றையும் ஊரிலேயே பழக்கமாக்கிக்கொண்டு போக வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் படி: ஊரிலேயே பழகுங்கள்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இரண்டிலும் பயிற்சி நாள்கள் நடக்கின்றன. கீத் கோட் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியின் வகுப்புகள்கூட சென்னைத் தடத்துக்கு வந்திருக்கின்றன. வெளிநாட்டுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் இவற்றில் ஒன்றில் குறைந்தது ஒரு நாளாவது பயிற்சியாளரின் கண் முன்னால் ஓட்டுங்கள்.

அங்கே கற்கவேண்டியவை அடிப்படையானவை. வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக் வேலையை முடிப்பது, பார்வையை முன்சக்கரத்துக்கு அருகில் வைக்காமல் வளைவு முடியும் இடத்துக்குக் கொண்டுபோவது, முழங்காலால் டேங்கைப் பற்றிக்கொண்டு கைகளைத் தளர்வாக வைப்பது, ஆக்சிலரேட்டரை ஒரே சீராகத் திறப்பது. முழங்காலைத் தரையில் உரசுவது இந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக ஏங்கி உடலை வளைத்து உட்காருகிறவர்கள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு பைக்கையே குலைத்துவிடுகிறார்கள். மற்றவை சரியாக அமைந்தால் முழங்கால் தானாக ஒருநாள் தரையைத் தொடும்.

கொடிகளையும் இங்கேயே மனப்பாடம் செய்துவிடுங்கள், ஏனென்றால் தடத்தின் மொழி அவைதான். மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. சட்டென்று பிரேக்கை அழுத்தாமல், பின்னால் வருபவரை நினைவில் வைத்துப் படிப்படியாக வேகம் குறைத்து, முந்தாமல், பைக்குகளை நிறுத்திவைக்கும் பிட் பகுதிக்குத் திரும்புங்கள். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் போட்ட கொடி, தரையில் எண்ணெயோ தண்ணீரோ இருக்கிறது, பிடிமானம் குறைந்துவிட்டது என்று பொருள். நீலம், உங்களைவிட வேகமானவர் பின்னால் வந்துவிட்டார் என்பதற்கு. அதைக் கண்டு பதறி ஓரம் ஒதுங்க வேண்டாம், நீங்கள் போகும் கோட்டிலேயே போங்கள், அவர் வழி பார்த்துக்கொள்வார். நடுவில் ஆரஞ்சு வட்டம் கொண்ட கறுப்புக் கொடி உங்கள் எண்ணோடு காட்டப்பட்டால் உங்கள் பைக்கில் கோளாறு, எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கலாம். உடனே தடத்தின் ஓரத்துக்கு விலகி வெளியேறுங்கள். கட்டம் போட்ட கொடி, நேரம் முடிந்தது என்பதற்கு.

இரண்டாம் படி: நாளும் குழுவும்

செபாங்கில் சில நாள்களைத் தடத்தின் நிர்வாகமே நடத்துகிறது, சில நாள்களைத் தனியார் ஏற்பாட்டாளர்கள் தடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பதிவு செய்வதற்கு முன் நான்கு கேள்விகளை எழுத்துமூலமாகக் கேட்டுப் பதில் வாங்குங்கள். புதியவர்களுக்குத் தனிக் குழு உண்டா? ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? முதல் சுற்றுகளில் வழிகாட்டி முன்னால் ஓட்டிக் காட்டுவாரா? மழையாலோ சிவப்புக் கொடியாலோ இழந்த நேரத்துக்கு ஈடு உண்டா? புதியவர்களுக்குத் தனிக் குழு இல்லாத நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

பொதுவாக ஓட்டுநர்களைப் புதியவர், இடைநிலை, விரைவு என்று மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் மாறி மாறிப் பதினைந்து முதல் இருபது நிமிடம் வரை தடத்தைத் தருவார்கள். நண்பர் இடைநிலையில் இருக்கிறார், அவரோடு சேர்ந்து ஓட்டலாம் என்று மேல் குழுவுக்குத் தாவாதீர்கள். மெதுவான ஓட்டுநர் வேகமான குழுவில் இருந்தால் அவருக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து.

தட்பவெப்பம் தனியாக யோசிக்கவேண்டிய விஷயம். செபாங் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டு முழுக்க வெயிலும் புழுக்கமும்தான். பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது சர்வசாதாரணம். முழு நாள் கட்டணம் கட்டியிருந்தாலும் காலை நேரச் சுற்றுகளைத்தான் உறுதியானவை என்று கணக்கில் வையுங்கள். அதற்காக, மழை வருவதற்குள் எல்லாவற்றையும் ஓட்டிவிட வேண்டும் என்று காலையிலேயே அவசரப்படவும் கூடாது.

மலேசியாவுக்குச் செல்லும் இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய சலுகைகள் காலவரம்போடு வருபவை என்பதால் டிக்கெட் எடுக்கும் நாளில் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அறிவிப்பை ஒருமுறை பாருங்கள். நுழைவதற்கு முன் இணையத்தில் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும்.

விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை ஏழு மணிக்குப் பதிவுக்கு நிற்கிறீர்கள் என்றால் உங்கள் உடலுக்கு அது அதிகாலை நாலரை. இரவு விமானத்தில் போய் இறங்கி, நேரே தடத்துக்குப் போகும் திட்டம் ஆபத்தானது. ஒரு முழு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

மூன்றாம் படி: பைக்

இந்தியாவிலிருந்து சொந்த பைக்கைக் கப்பலில் அனுப்பி, சுங்க ஆவணங்கள் எடுத்து, ஒரு நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவது முதல் முறைக்குப் பொருந்தாத வேலை. வாடகைக்கு எடுங்கள். எதை எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வாழ்நாள் வாய்ப்பு, ஆயிரம் சிசி பைக்கையே எடுத்துவிடலாம் என்று தோன்றும். நான் உறுதியாகச் சொல்வேன்: 250 முதல் 400 சிசி வரையிலான பைக்கை எடுங்கள். செபாங்கின் முதன்மை நேர்த்தடம் 920 மீட்டர் நீளம். பெரிய பைக்கில் அதன் முடிவில் எட்டும் வேகத்திலிருந்து, முன்பின் தெரியாத பிரேக்கை நம்பி, முன்பின் தெரியாத வளைவுக்குள் இறங்கவேண்டியிருக்கும். மனம் முழுக்க அந்த ஒரு பிரேக் புள்ளியிலேயே சிக்கிக்கொள்ளும், மற்ற வளைவுகளைக் கற்க இடமே இருக்காது. சிறிய பைக்கில் வளைவுகளைத்தான் நம்பியாக வேண்டும், அதனால் வளைவுகளைக் கற்பீர்கள். விழுந்தால் கட்டவேண்டிய தொகையும் குறைவு.

அந்தத் தொகையைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். டிராக் டே வாடகையில் விழுந்த சேதம் முழுவதும் வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான். முன்பணம் பிடித்து வைத்துக்கொள்வார்கள், சேதம் அதைத் தாண்டினால் மிச்சத்தையும் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியவை: முன்பணம் எவ்வளவு, சேதத்துக்கு உச்சவரம்பு உண்டா, உதிரிபாகங்களின் விலைப்பட்டியல் கையில் தருவார்களா, என்ஜின் தானாகப் பழுதானால் யார் பொறுப்பு, டயரும் பெட்ரோலும் வாடகைக்குள் அடக்கமா, பைக் பழுதானால் மாற்று பைக் உண்டா. உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தம் என்றால் ஊரில் உங்களால் தாங்கக்கூடிய இழப்பு எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகே கையெழுத்திடுங்கள். கைக்கு வந்ததும் பைக்கை நான்கு பக்கமும் படமெடுத்து வைப்பதும் அவசியம்.

பிறகு, பைக்கின் மீது உட்கார்ந்து கேட்கவேண்டிய முதல் கேள்வி: முதல் கியர் மேலேயா, கீழேயா? சாலை பைக்குகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. தடத்துக்கென்று தயாரித்த பல பைக்குகளில் இது தலைகீழாக இருக்கும். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் கால்விரலைப் பெடலுக்கு அடியில் நுழைக்காமல் கியரைக் கூட்டலாம் என்பதற்காக இப்படி மாற்றுகிறார்கள். பழக்கமில்லாதவர் நேர்த்தடத்தின் உச்சியில் அடுத்த கியருக்குப் போவதாக நினைத்துக் கீழ் கியரில் தட்டினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சாலை முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான பைக்குகளில் அது சில நிமிட வேலை. கூடவே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இயங்குகிறதா, கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றும் குவிக் ஷிஃப்டர் இருக்கிறதா, பிரேக் நெம்புகோல் உங்கள் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவுக்குள்ளிருந்தோ சொந்த பைக்கில் வருகிறவர்களுக்கு வேலை வேறு. பிரேக் பட்டை, பிரேக் எண்ணெய், செயின் தளர்வு, டயரின் ஆயுள் ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். கண்ணாடிகளையும் எண் பலகையையும் கழற்றி, விளக்குகளின் மீது டேப் ஒட்டுங்கள். உடைந்த கண்ணாடிச் சில்லு தடத்தில் சிதறினால் பின்னால் வருபவரின் டயருக்குள் போகும். பல தடங்களில் ரேடியேட்டரில் கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவம் இருக்கக்கூடாது, தண்ணீர் மட்டும்தான், ஏனென்றால் சிந்திய கூலன்ட் எண்ணெய்போல் வழுக்கும். விதியைக் கேட்டுச் செய்யுங்கள். முடிந்தால் பைக்கை லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிக்கொண்டு வாருங்கள். நாள் முழுக்க ஓட்டிக் களைத்த உடலோடு, சிங்கப்பூருக்குச் சுமார் 300 கிலோமீட்டர் இரவில் பைக்கிலேயே திரும்புவதுதான் அந்த நாளின் பெரிய ஆபத்து.

நான்காம் படி: உடை

உடையை வாடகைக்கும் தருகிறார்கள். ஆனால் உடையில் மட்டும் சொந்தம்தான் சரி என்பது என் கருத்து. ஒற்றைத் துண்டு தோல் சூட், அல்லது இடுப்பைச் சுற்றி முழுவட்ட ஜிப்பால் இணையும் இரட்டைத் துண்டு சூட், மணிக்கட்டை மூடும் நீளமான கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட். துணி ஜாக்கெட், ஜீன்ஸ், ஷூ எதையும் ஏற்கமாட்டார்கள். ஹெல்மெட்டில் ஈசிஇ 22.06 போன்ற தரச்சான்று வேண்டும். இந்தியத் தரச்சான்று மட்டும் இருக்கும் ஹெல்மெட்டை அங்கே ஏற்பார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுக் காப்பில் இரண்டு தரநிலைகள் உண்டு. ஐரோப்பியத் தரத்தின்படி முதல் நிலைக் காப்பு சராசரியாக 18 கிலோநியூட்டன் வரையிலான விசையை உடலுக்குள் விடலாம், இரண்டாம் நிலை 9 மட்டுமே. விலை வேறுபாடு பெரிதில்லை, இரண்டாம் நிலையை வாங்குங்கள்.

2018 முதல் மோட்டோ ஜிபியில் காற்றுப்பை பொருத்திய சூட் கட்டாயம். டிராக் டேக்கு அது கட்டாயமில்லை என்றாலும், தோள்பட்டை எலும்பு முறிவதைத் தடுப்பதில் இதற்கு இணையான பொருள் வேறில்லை. வாங்கியிருந்தால் விமானத்தில் ஒரு சிக்கல் வரும். அதிலுள்ள வாயுக்குப்பியைக் கண்டு பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்று, தயாரிப்பாளரின் விளக்கத் தாளையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஹெல்மெட்டைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், உடன் எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள்.

புதிய சூட் விறைப்பாக இருக்கும். வீட்டில் அணிந்து நிறுத்திவைத்த பைக்கின் மீது அரை மணி நேரம் உட்காருங்கள், குந்துங்கள், மாடிப்படி ஏறுங்கள். ஊரிலேயே ஒரு டிராக் நாளில் அணிந்துவிட்டால் இன்னும் நல்லது. உள்ளே அணியும் மெல்லிய முழுநீள உடையை மறக்கவேண்டாம். செபாங் வெயிலில் வியர்வையில் நனைந்த தோல் சூட்டை அது இல்லாமல் கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது.

ஐந்தாம் படி: காப்பீடு

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். சாதாரணப் பயணக் காப்பீடு பந்தயத் தட ஓட்டத்தை விலக்கி வைத்திருக்கும். இந்திய வாகனக் காப்பீடும் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்குகிறது. தடத்தின் வாசலில் நீங்கள் கையெழுத்திடும் தாளோ, என்ன நடந்தாலும் நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கால் முறிந்தால் அறுவைச் சிகிச்சைச் செலவு முழுவதும் கைப்பணம் என்று ஆகிறது.

ஆகவே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள்: போட்டியல்லாத, நேரம் கணிக்கப்படாத, மூடிய தடத்தில் நடக்கும் பயிற்சி ஓட்டத்துக்குப் பாதுகாப்பு உண்டா? மருத்துவச் செலவோடு, தாய்நாட்டுக்கு அழைத்துவரும் செலவும் அடங்குமா? ஆம் என்ற பதில் எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். சாகச விளையாட்டு என்று விளம்பரம் செய்யும் திட்டங்கள்கூட மோட்டார் விளையாட்டை ஒதுக்கியிருக்கலாம். நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். ரத்த வகை, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி சூட்டின் உள்பையில் வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். மருத்துவமனையில் உங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும்.

ஆறாம் படி: தடத்தை வீட்டிலேயே படிப்பது

ஹெர்மன் டில்கே வடிவமைத்த செபாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள், கடிகாரச் சுற்றில் ஓடும். அகலமான தடம். அந்த அகலமே புதியவரை ஏமாற்றும். எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திரும்புவது என்று காட்ட அருகில் எதுவும் இருக்காது. பைக்கில் பொருத்திய கேமராவால் எடுத்த காணொளிகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்து, காகிதத்தில் தடத்தை வரைந்து, ஒவ்வொரு வளைவும் இடமா வலமா என்று எழுதிக்கொள்ளுங்கள். கண்ணை மூடினால் பதினைந்தும் வரிசையாக வரவேண்டும்.

இந்த வரைபடத்தைப் போட்டால் முக்கியமான ஒன்று கண்ணில் படும். பத்து வளைவுகள் வலம், ஐந்துதான் இடம்: 2, 5, 9, 12, 15. ஆகவே டயரின் இடப்பக்கம் குறைவாகவே சூடேறும். ஒவ்வொரு முறை தடத்தில் இறங்கும்போதும் முதல் இரண்டு சுற்றுகளில் இந்த ஐந்து வளைவுகளில் மட்டும் கூடுதல் பொறுமை காட்டுங்கள்.

நேர்த்தடத்தின் முடிவில் வரும் முதல் வளைவு வலப்பக்கம் நீண்டு சுருண்டுகொண்டே போகும். அது முடிவதற்குள் இரண்டாம் வளைவு இடப்பக்கம் இறக்கத்தில் வெட்டித் திரும்பும். முதல் வளைவில் ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் திறந்தால் வெளியே தள்ளப்பட்டு, இரண்டாவதுக்கு இடமில்லாமல் தவிப்பீர்கள். முதல் வளைவை விட்டுக்கொடுத்து, உள்ளேயே பொறுமையாக இருங்கள். இரண்டாவதிலிருந்து நன்றாக வெளியேறினால் மூன்றாவது நீண்ட வலப்பக்க வளைவு முழுக்க வேகம் எடுக்கலாம். ஐந்தும் ஆறும் வேகமான இரட்டை, இடமும் வலமும். பைக்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றும்போது கைகளால் இழுக்காமல் கால்களால் உடலை நகர்த்த வேண்டிய இடம். ஏழையும் எட்டையும் ஒரே நீண்ட வளைவாக நினைத்துக்கொண்டால் எளிதாகும். ஒன்பது, மெதுவான இடப்பக்கத் திருப்பம்.

பதின்மூன்றும் பதினான்கும்தான் செபாங்கின் இதயம். பதின்மூன்றில் வலப்பக்கம் சாய்ந்தபடியே வேகத்தைக் குறைத்துப் பதினான்குக்குள் போகவேண்டும். சாய்ந்த பைக்கில் முன்பிரேக்கைக் கடுமையாக அழுத்தினால் முன்சக்கரம் மடங்கிவிடும். அனுபவசாலிகளே இங்கே விழுகிறார்கள். முதல் நாளில், பதின்மூன்றுக்கு முன்பாகவே, பைக் நேராக இருக்கும்போதே வேகத்தை வேண்டிய அளவுக்கும் கீழே குறைத்துவிடுங்கள். நேரம் போகும், போகட்டும். பதினான்கிலிருந்து நிதானமாக வெளியேறினால் பின்புற நேர்த்தடம் முழுக்க அதன் பலன் கிடைக்கும். அதன் முடிவில் வரும் பதினைந்தாவது, இடப்பக்கக் கொண்டை ஊசி. 2016-இல் தடத்துக்குப் புதிய தார் போட்டபோது இந்த வளைவின் சாய்மானத்தையும் மாற்றினார்கள். அதற்கு முந்தைய காணொளிகளைப் பார்த்து இந்த வளைவைக் கற்காதீர்கள்.

ஏழாம் படி: அந்த நாள்

பதிவு, உடைச் சோதனை, பைக் சோதனை, விளக்கக் கூட்டம் என்று காலை ஓடும். விளக்கக் கூட்டத்தில் சொல்லப்படும் முந்தும் விதியை உன்னிப்பாகக் கேளுங்கள். புதியவர் குழுவில் பெரும்பாலும் நேர்த்தடங்களில் மட்டுமே முந்தலாம், அல்லது வெளிப்பக்கமாக மட்டுமே முந்தலாம். பிட் பகுதியிலிருந்து வெளியேறும்போது வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல் இருப்பதும், உள்ளே வரும்போது கையையோ காலையோ நீட்டிப் பின்னால் வருபவருக்குத் தெரிவிப்பதும் உங்கள் கடமை.

முதல் சுற்றுகளில் வழிகாட்டியின் பின்சக்கரத்தைப் பார்க்காமல், அவர் போகும் கோட்டையும் தடத்தின் ஓரத்திலுள்ள அடையாளங்களையும் பாருங்கள். முதல் முறை இறங்கும்போது ஒரே நோக்கம் போதும்: தடம் எங்கே போகிறது. இரண்டாம் முறை, எங்கே பிரேக். மூன்றாம் முறை, எங்கே ஆக்சிலரேட்டர். ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் டயரின் காற்றழுத்தத்தைச் சூடாக இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். பகலில் செபாங்கின் தார் 50 டிகிரியைத் தாண்டும். காலையில் சாலைக்கு உரிய அழுத்தத்தில் காற்று அடைத்திருந்தால் சில சுற்றுகளில் டயர் பந்துபோல் விறைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். எவ்வளவு வேண்டும் என்பது டயருக்கு டயர் மாறும், வாடகைக்குத் தந்தவரிடமே கேளுங்கள்.

பாதை தவறி வெளியே போய்விட்டால் பைக்கை நிமிர்த்தி, நேராகவே போய், மெல்ல வேகத்தைக் குறையுங்கள். தடத்தின் ஓரத்தில் கொடியோடு நிற்கும் பணியாளரான மார்ஷல் சைகை காட்டும் வரை தடத்துக்குள் திரும்பக்கூடாது. விழுந்தால் பைக்கை விட்டுவிடுங்கள், கைகளை உடலோடு ஒட்டிவையுங்கள். முழுவதும் நின்றுவிட்டோம் என்று உறுதியான பிறகே எழுந்து, பின்னால் வருகிறவர்களைப் பார்த்து, தடுப்புக்கு அப்பால் செல்லுங்கள். பைக்கை எடுக்கத் திரும்பி ஓடாதீர்கள். 2011 அக்டோபர் 23 அன்று இதே தடத்தின் பதினோராம் வளைவில் நடந்த விபத்தில் இத்தாலிய மோட்டோ ஜிபி ஓட்டுநர் மார்கோ சிமோன்செல்லி இறந்தார். அவருடைய பைக் சறுக்கித் தடத்தின் குறுக்கே போனபோது, பின்னால் வந்தவர்களால் தவிர்க்க முடியவில்லை. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கே அந்த ஒரு நொடி போதவில்லை என்றால், மஞ்சள் கொடிக்கு நாம் எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெயில், வேகத்தைவிடப் பெரிய எதிரி. முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடிக்கத் தொடங்குங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பொட்டலங்களைக் கொண்டுபோங்கள். இடைவேளையில் சூட்டை இடுப்பு வரை இறக்கிவிட்டு நிழலில் உட்காருங்கள். மதியம் வயிறு நிறையச் சோறு வேண்டாம். பழக்கமாகிவிட்ட பிரேக் புள்ளியைத் தவறவிடுவது, எந்தக் கியரில் இருக்கிறோம் என்று மறப்பது, முன்கை இறுகுவது ஆகியவை களைப்பின் அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் அந்தச் சுற்றிலேயே உள்ளே வந்துவிடுங்கள். கட்டணம் கட்டிய நேரம் வீணாகிறதே என்று கடைசி இருபது நிமிடத்துக்காக இறங்குகிறவர்கள்தான் பைக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

செபாங் தவிர

தாய்லாந்தின் புரிராமில் 2014-இல் திறக்கப்பட்ட சாங் பன்னாட்டுத் தடம் 4.554 கிலோமீட்டர், 12 வளைவுகள். 2018 முதல் அங்கும் மோட்டோ ஜிபி நடக்கிறது. பாங்காக்கிலிருந்து உள்நாட்டுப் பயணம் ஒன்று கூடுதலாக வேண்டும் என்பதுதான் குறை. லண்டன், பாரிஸ், சூரிக் போன்ற நகரங்களில் வாழும் தமிழர்களுக்கு ஸ்பெயினின் ஹெரெஸ், போர்ச்சுகலின் போர்ட்டிமாவ் ஆகியவை நல்ல தேர்வுகள். வடக்கில் குளிர் நிலவும் மாதங்களில் ஏற்பாட்டாளர்கள் பைக்குகளை லாரியில் தெற்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள், ஓட்டுநர்கள் விமானத்தில் போய்ச் சேர்ந்தால் போதும். ஐரோப்பாவில் பல தடங்களில் ஒலி வரம்பு உண்டு, மாற்றிய சைலன்சரோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று பலருக்கும் கனவு. 20.832 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரத்தில் அது சட்டப்படி சுங்கச் சாலை. தடுப்புகள் ஓரத்திலேயே நிற்கும், சாலை விதிகள் பொருந்தும். 2024 வரை கார்களும் பைக்குகளும் கலந்து ஓடின, 2025 முதல் அந்த நேரத்தில் பைக்குகளுக்கு அனுமதி இல்லை. அதை டிராக் டே என்று எண்ணி பைக்கோடு கிளம்பிவிடாதீர்கள்.

முடிந்த பிறகு

பைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது பொறுப்பாளரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, சேதமில்லை என்று எழுதி வாங்கி, முன்பணம் திரும்புவதற்கான ரசீதையும் பெற்றுக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், லேசாகத் தோன்றினாலும், தடத்தின் மருத்துவரைப் பார்க்காமல் வெளியேறாதீர்கள். விமானம் ஏறலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். அந்த ஹெல்மெட்டை மீண்டும் அணியக்கூடாது. அன்றிரவே விமானம் பிடிக்காமல் ஒரு நாள் தங்கி, சூட்டை நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் அடைத்த தோல் பூசணம் பிடிக்கும். மறுநாள் காலை, நினைவு பசுமையாக இருக்கும்போதே, ஒவ்வொரு வளைவுக்கும் எந்தக் கியர், எந்த இடத்தில் பிரேக், எங்கே பயந்தீர்கள் என்று வரைபடத்திலேயே குறித்துவையுங்கள். அடுத்த முறை பதிவு செய்யும்போது எந்தக் குழு என்ற கேள்விக்கு அந்தத் தாளைப் பார்த்தே பதில் சொல்லலாம்.